சிப்பி பெருத்த பாறை

நொலுந்தி தலையிலிருந்து வாளியை இறக்கியதும் பாதையோரம் உட்கார்ந்திருந்த பெண்களின் பேச்சு சட்டென்று நின்றது. வாளி நிறையச் சிப்பி. ஒவ்வொன்றும் உள்ளங்கையைவிட நீளம். அவர்கள் விடிந்ததிலிருந்து ஊர்ப்பாறையில் குனிந்து, இரும்புப் பட்டையால் நெம்பி நெம்பிச் சேர்த்ததெல்லாம் கட்டைவிரல் அளவுகூட இல்லாத குஞ்சுகள்.

"எனக்கு இவ்வளவு வேண்டாம். ஆளுக்கு ஒரு கை அள்ளிக்கோங்க," என்றாள் நொலுந்தி. வந்து மூன்று மாதமாகியும் ஊரோடு ஒட்டாத குறை அவளுக்கு இருந்தது. இன்று இந்தச் சிப்பியால் தீர்ந்துவிடும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தாள்.

யாரும் கை நீட்டவில்லை.

"எங்க வீட்ல பெரிய சிப்பி யாருக்கும் ஒத்துக்காதும்மா," என்றாள் ஒருத்தி.

"எங்க வீட்லயும்," என்றாள் அடுத்தவள்.

பெரிய சிப்பி ஒத்துக்கொள்ளாமல் சின்னச் சிப்பி மட்டும் ஒத்துக்கொள்கிற வயிறு எந்த ஊரில் உண்டு? நொலுந்தி மாம்பிங்காவைப் பார்த்தாள். பக்கத்துக் குடிசைக்காரி. கூட்டத்திலேயே வாய் அதிகம் உள்ளவள் அவள்தான். யார் நடந்தாலும் அதைப்போல நடந்து காட்டிச் சிரிக்க வைப்பாள். அவள் வாளிக்குள் ஒரு பார்வை பார்த்தாள். பிறகு எழுந்து, சேலை மாதிரி இடுப்பில் சுற்றியிருந்த துணியை உதறிவிட்டு, மேட்டில் ஏறிப் போய்விட்டாள். தன் சிப்பிப் பையைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

நொலுந்தியும் அவள் புருஷன் சம்கேலோவும் எட்டு ஆறு தாண்டி, வடக்கேயிருந்து வந்தவர்கள். இந்தக் கரையில் தூரத்தை ஆறுகளால்தான் சொல்வார்கள். அவர்கள் கரையில் ஒரு நாள் வேலி வந்தது, வேலிக்குப் பின்னால் பலகை வந்தது, பலகைக்குப் பின்னால் துப்பாக்கியோடு காவல்காரன் வந்தான். இனிமேல் இது மானும் மீனும் வாழ்கிற இடம் என்றார்கள். கரையில் நின்று தூண்டில் போட்டே வயிறு வளர்த்தவன் எங்கே வாழ்வது என்று யாரும் சொல்லவில்லை. இரண்டு பெண் குழந்தைகளையும், நான்கு தூண்டில் கழிகளையும், ஒரு பன்றியையும் கூட்டிக்கொண்டு தெற்கே வந்தார்கள். இந்த ஊர்த்தலைவர் பெரிய மனது பண்ணி ஆற்று முகத்துக்கு மேலே ஒரு துண்டு நிலம் காட்டினார். மண் குழைத்து வட்டக் குடிசை கட்டிக்கொண்டார்கள்.

குடிசை கட்டுவது எளிது. புதுக் கரையில் மீன் நிற்கிற இடம் கண்டுபிடிப்பது அப்படியல்ல. சொந்தக் கரையில் சம்கேலோ கண்ணை மூடிக்கொண்டு நடப்பான். இங்கே மாதம் முழுக்கக் கழியைத் தொடாமல் வெறுமனே நடந்தான். அமாவாசையிலும் பௌர்ணமியிலும் கடல் நன்றாக வற்றும்போது கரை தன் எலும்பையெல்லாம் காட்டும். அப்போது எந்த இடுக்கில் குழி, எந்த மணல்திட்டுக்கு நடுவில் ஓடை, எங்கே பாறை வெட்டுப்பட்டு ஆழத்துக்கு இறங்குகிறது என்று பார்த்து மனதில் வைத்துக்கொண்டான். தண்ணீர் ஏறும் ஏற்றத்தில் போய் உட்கார்ந்து, நுரை எங்கே நின்று சுழல்கிறது, ஆற்றின் கலங்கல் எங்கே கடலின் தெளிவோடு சேர்கிறது என்று பார்த்தான். கலங்கலின் ஓரத்தில்தான் பெரிய கத்தாளை மீன் மேயும். மாடுகள் மணலில் படுத்து அசைபோட்டபடி அவனையே பார்த்துக்கொண்டிருக்கும்.

ஊர் ஆண்களிடமும் கேட்டான். மூன்று இடம் காட்டினார்கள். மூன்றிலும் கைநீளத்துக்குமேல் ஒன்றும் கிடைக்கவில்லை. ஆற்று முகத்துக்குத் தெற்கே, கடலுக்குள் நாக்கை நீட்டியது போலக் கிடக்கும் தட்டைப் பாறையைப் பற்றிக் கேட்டபோது எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள்.

"அங்க மீன் கிடையாது."

"அந்தப் பாறைக்குப் பேரு என்ன?"

"பேரா? அதுக்குப் பேரெல்லாம் இல்லப்பா."

சம்கேலோ அன்று வீட்டுக்கு வந்து விழுந்து விழுந்து சிரித்தான். "கேட்டியா நொலுந்தி! கழுதை முதுகு மாதிரி இருக்கிற கல்லுக்கெல்லாம் பேரு வச்சிருக்கானுங்க. அவ்வளவு பெரிய பாறைக்குப் பேரு இல்லையாம். மீனும் இல்லையாம். என் அப்பன் எனக்கு இப்படித்தான் பொய் சொல்லக் கத்துக்கொடுத்தான். வேத்தாள் வந்து கேட்டா நல்ல இடத்தைக் காட்டாதே, மோசமான இடத்தைக் காட்டிட்டு நல்ல இடத்துல ஒண்ணும் இல்லைன்னு சொல்லு."

தூண்டில்காரன் எல்லாவற்றையும் கொடுப்பான், இடத்தை மட்டும் கொடுக்க மாட்டான். சம்கேலோவே தன் தம்பியிடம் இடத்தை மறைத்தவன். அதனால் ஊர் ஒரே வாயாகப் பொய் சொன்னதும், இதுதான் இடம் என்று அவனுக்கு உறுதியாகிவிட்டது.

போய்ப் பார்த்தான். பாறையின் ஓரமெல்லாம் சிப்பி தோளோடு தோள் நின்று கறுத்துக் கிடந்தது. பல வருஷமாக ஒரு கைகூடப் படவில்லை. உடைந்த பாட்டில் இல்லை, சிக்குண்ட நைலான் நரம்பு இல்லை, தீ மூட்டிய கரி இல்லை. முனையில் தண்ணீர் மூன்றாள் ஆழம். ஒரு வெடிப்புக்குள் மட்டும், வீட்டில் வார்த்த ஒரு பழைய ஈயக்குண்டு செருகிக் கிடந்தது. அதை உளியால் நெம்பி எடுத்துக்கொண்டான். எவனோ நமக்கு முன்னால் இங்கே மீன் பிடித்திருக்கிறான் என்று சந்தோஷப்பட்டான்.

இரண்டு தடவை தூண்டில் போட்டான். முதல் தடவை இடுப்பு உயரக் கத்தாளை ஒன்று. இரண்டாம் தடவை இரண்டு. அதில் ஒன்றின் தலையை ஊர்த்தலைவர் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினான். நாய் தின்றது என்று பிறகு கேள்விப்பட்டான்.

அந்தப் பாறையிலிருந்து சிப்பி வாளியோடு திரும்பிய அன்று மாலை, மாம்பிங்கா விட்டுவிட்டுப் போன பையை எடுத்துக்கொண்டு நொலுந்தி அவள் குடிசைக்குப் போனாள். இளையவள் முதுகில் கட்டுண்டு தூங்கினாள். மாம்பிங்கா வாசலில் மூன்று கல்லடுப்பில் உடைத்த சோளமும் பயறும் வேகவைத்துக்கொண்டிருந்தாள். அவள் எப்போதும் வெளியில்தான் சமைப்பாள், மழையானாலும் தகரத்தைப் பிடித்துக்கொண்டாவது வெளியில்தான். புகை தன் பக்கம் திரும்பினால் எழுந்து எதிர்ப்பக்கம் போய்விடுவாள்.

"என்மேல ஏதாச்சும் கோபமாக்கா?"

"உம்மேல எனக்கென்ன கோபம் பொண்ணே. உக்காரு. டீ போடவா?"

"இந்த வெங்காயத்தை நறுக்கித் தரவா?"

"நறுக்கு. நான் வெங்காயம் தொடறதில்லை."

குடிசைக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே ஆணியில் ஓர் ஆணின் கம்பளிக் கோட்டு, கீழே துடைத்து வைத்த பூட்சு. நொலுந்தி இதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். புருஷன் பெயர் ஃபிகிலே என்றும், "அவரு இன்னும் வரலை" என்றும் மாம்பிங்கா சொல்வாள். ஜோஹானஸ்பர்க் தங்கச் சுரங்கத்துக்குப் போயிருக்கிறான், இந்தக் கரையில் பாதி ஆண்கள் அப்படித்தானே என்று நினைத்துக்கொள்வாள்.

நொலுந்தி முதுகுக் கட்டை அவிழ்த்துக் குழந்தையை இறக்கியபோது, அது கையில் இறுக்கிப் பிடித்திருந்தது தரையில் விழுந்து உருண்டது. சம்கேலோ கொண்டுவந்த ஈயக்குண்டு. அவன் விளையாடக் கொடுத்திருந்தான்.

மாம்பிங்கா அதை எடுத்தாள். திருப்பிப் பார்த்தாள். குண்டின் வயிற்றில் பட்டாணி அளவு ஒரு புடைப்பு இருந்தது. எழுந்து உள்ளே போய் ஒரு பழைய கரண்டியைக் கொண்டுவந்தாள். கரண்டியின் குழிக்குள் ஒரு நசுங்கல். ஈயக்குண்டை அதில் வைத்தாள். அச்சாகப் பொருந்தியது.

"இது எங்க கரண்டியில வார்த்தது," என்றாள்.

நொலுந்தியின் கையிலிருந்த கத்தி அப்படியே நின்றது. வெளியில் சமைப்பதும், புகைக்கு நகர்வதும், வெங்காயம் தொடாததும் எல்லாம் ஒரு நொடியில் அவளுக்கு விளங்கிவிட்டது. அவளும் இந்த மண்ணின் பெண்தானே. தண்ணீருக்குள் இருப்பவர்கள் ஒருவரைக் கொண்டுபோனால் அவர் செத்ததாகக் கணக்கில்லை. உள்ளே வைத்து வைத்தியம் கற்றுக்கொடுத்து, ஒரு நாள் வெள்ளை மண் பூசி அனுப்பி வைப்பார்கள். ஆனால் வீட்டில் யாரும் அழக்கூடாது. ஒரு சொட்டுக் கண்ணீர் விழுந்தாலும் அவரைக் கொன்றுவிடுவார்கள். ஊரும் செத்தான் என்ற வார்த்தையைச் சொல்லக்கூடாது, அந்த இடத்தைப் பற்றிப் பேசக்கூடாது.

"எத்தனை வருஷமாக்கா?"

"ஆறு."

"அந்தப் பாறையிலயா?"

மாம்பிங்கா சோளத்தைக் கிளறினாள்.

"அவரு மட்டுமா?"

"அவருக்கு முன்னாடி ரெண்டு பேரு வரலை," என்றாள் அடுப்பைப் பார்த்தபடி. "இதுக்குமேல கேக்காத பொண்ணே. இவ்வளவு சொன்னதே தப்பு."

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது நொலுந்தி எல்லாவற்றையும் புருஷனிடம் சொன்னாள். கோபத்திலோ பயத்திலோ பேசும்போது அவனை அவன் குலப்பெயரால்தான் கூப்பிடுவாள். "டோலோ, அந்தப் பாறைக்குப் போகாதீங்க. மூணு பேரைக் கொண்டுபோயிருக்கு."

சம்கேலோ புளித்த பாலைக் குடித்து உதட்டைத் துடைத்துக்கொண்டான். "யாரு செத்தது?"

"செத்தாங்கன்னு சொல்லக்கூடாது."

"சொல்லக்கூடாதுன்னா எப்படித் தெரியும்? சமாதியைக் காட்டு. சவத்தைப் பாத்தவனைக் காட்டு. அவ புருஷன் ஜோஹானஸ்பர்க்ல இன்னொருத்தியோட குடித்தனம் பண்ணிட்டு இருப்பான். இவ பானையைக் கிளறிட்டு உக்காந்திருக்கா."

"அப்படிப் பேசாதீங்க."

"நான் அந்தப் பாறையை ஒரு மாசம் உக்காந்து பாத்திருக்கேன். ஒரு தடவைகூட மேல ஈரம் ஏறலை. எனக்குக் கடல் தெரியாதா? முதல்ல மீன் இல்லைன்னானுங்க. மீன் பிடிச்சிட்டேன். இப்ப ஆளை முழுங்கும்னு பொம்பளைங்களை விட்டுச் சொல்றானுங்க. நாளைக்கு நான் விலகினா மறுநாள் அவனுங்க எல்லாம் அங்க நிப்பானுங்க, பாத்துக்கோ."

"யாருமே நிக்கலையே, ஆறு வருஷமா. சிப்பியைப் பாத்தீங்கல்ல?"

அவன் சற்று யோசித்தான். நொலுந்திக்கு நம்பிக்கை வந்தது.

"செத்தான்னு ஒருத்தர் என் முகத்தைப் பாத்துச் சொல்லட்டும். அப்ப போகலை," என்றான்.

அடுத்த அமாவாசைக்கு முந்தின நாள் மலைப்பக்கமிருந்து காற்று திரும்பியது. இந்தக் கரையில் ஆனி குளிர்காலம்; அந்தக் குளிரில் அடுப்புச் சூடு போன்ற காற்று. துணி காய்வதற்குள் மொடமொடத்தது. ஆடுகள் நிழல் தேடின. இந்தக் காற்று அடித்தால் கடல் தட்டில் ஊற்றிய கஞ்சி மாதிரி அசையாமல் கிடக்கும். காற்று நின்ற கையோடு தெற்கிலிருந்து குளிரும் மழையும் வரும். அந்த மழைக்கு முன்னால், எங்கோ தூரத்தில் புறப்பட்ட அலை சத்தமில்லாமல் வந்து சேரும். எப்போது சேரும் என்று யாராலும் சொல்ல முடியாது. மறுநாள் காலையில் நொலுந்தி தண்ணீர் எடுத்துக்கொண்டு திரும்பியபோது சுவரில் சாய்ந்திருந்த நீளக் கழி அங்கே இல்லை. வாளியும் இல்லை.

அவள் தண்ணீரைக் கீழே ஊற்றிவிட்டு மாம்பிங்காவிடம் ஓடினாள்.

"அக்கா, அங்க போயிட்டாரு. நீ வந்து ஒரு வார்த்தை சொல்லு."

"என்ன வார்த்தை?"

"உனக்குத் தெரியும்."

மாம்பிங்கா துவைத்துக்கொண்டிருந்த துணியைப் பிழிந்தாள். பிழிந்ததையே மறுபடி பிழிந்தாள். "என்கிட்ட இதைக் கேக்காத. வேற என்ன வேணும்னாலும் கேளு. எங்கம்மா செத்தப்ப நான் சவத்துக்கிட்ட போகலை, தெரியுமா? அழுதுருவேன்னு போகலை. ஊர்ல என்னைக் கல்நெஞ்சக்காரின்னாங்க. சிரிச்சுக்கிட்டே இருந்தேன். சிரிச்சா கண்ணு காஞ்சே கிடக்கும்."

"எனக்கு ரெண்டு பொண்ணுங்க இருக்குதுக்கா."

"எனக்கு அவரு இருக்காரு," என்றாள் மாம்பிங்கா. குரல் உயர்ந்தது. "உள்ள இருக்காரு. ஒருநாள் வருவாரு. உன் புருஷனுக்காக என் புருஷனை நான் கொல்லணுமா?"

தான் கேட்டது அதைத்தான் என்று நொலுந்திக்கே தெரிந்தது. திரும்பிக் கடலைப் பார்த்து ஓடினாள். செங்காந்தளாய்ச் சிவக்கப் பூத்து நின்ற கற்றாழைகளின் முட்கள் துணியைப் பிடித்து இழுத்தன.

மேட்டு விளிம்பிலிருந்து பார்த்தால் பாறையின் முனையில் சம்கேலோ கழியை வளைத்து நின்றான். கடல் அவ்வளவு அமைதியாக இருந்ததுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. பறவைகள்கூட அந்தப் பக்கம் இல்லை. கத்திக் கூப்பிட்டாள். மலைக்காற்று அவள் குரலைக் கடலுக்குக் கொண்டுபோனது. அவன் திரும்பினான், பல்லைக் காட்டினான்.

"மாட்டியிருக்கு நொலுந்தி! பெருசு! வாழ்நாள்ல இப்படி ஒண்ணு பாத்ததில்லை!"

"விட்டுட்டு வாங்க, டோலோ!"

"பைத்தியமா உனக்கு?"

அவள் பாறைமேல் இறங்கப் போனாள். அப்போது பின்னாலிருந்து ஒரு கை அவள் தோளைப் பிடித்து நிறுத்தியது. மாம்பிங்கா. மூச்சு வாங்க ஓடி வந்திருந்தாள். கையெல்லாம் இன்னும் சோப்பு நுரை.

"நீ இறங்காத," என்றாள். நொலுந்தியை விலக்கிவிட்டுப் பாறை தொடங்கும் இடம்வரை போனாள். ஆறு வருஷத்தில் அவள் இவ்வளவு பக்கத்தில் வந்ததில்லை.

"டோலோ! இங்க பாரு. என் முகத்தைப் பாரு."

சம்கேலோ கழியை இறக்காமல் தலையை மட்டும் திருப்பினான்.

"நீ நிக்கற இடத்துலதான் ஃபிகிலே நின்னான். இதே காத்துதான். இதே மாதிரி சும்மா கிடந்த கடல்தான். நான் இந்த மேட்டுல உக்காந்து வாழைப்பழம் தின்னுட்டு இருந்தேன். பழத்தை உரிச்சிட்டு நிமிந்து பாத்தேன். பாறை முழுக்கத் தண்ணி. தண்ணி வடிஞ்சுது. ஆளில்லை." அவள் நிறுத்தினாள். வாய் கோணியது. "செத்துட்டான். என் புருஷன் செத்துட்டான் தம்பி. தண்ணிக்குள்ள யாருகிட்டயும் இல்லை. செத்தேபோயிட்டான்."

சொல்லி முடித்ததும் அழுகை வந்தது. முதலில் வறண்ட இருமல் மாதிரி வந்தது. அப்புறம் கண்ணீர். அவள் அப்படியே கல்லில் உட்கார்ந்து, தொடையில் அடித்து அடித்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு அழுதாள். அந்தச் சத்தம் மேட்டைத் தாண்டிப் போயிருக்க வேண்டும். ஊர்ப்பாறையில் சிப்பி நெம்பிக்கொண்டிருந்த பெண்கள் வந்து தூரத்தில் நின்றார்கள், வாயைப் பொத்திக்கொண்டு. நொலுந்தி அவளைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கும் அழுகை வந்தது, ஆனால் தன் புருஷன் இன்னும் பாறைமேல் நிற்கையில் அழப் பயமாக இருந்தது.

சம்கேலோ ஒரு கணம் கடலைப் பார்த்தான். நரம்பு அவன் கையில் பாடிக்கொண்டிருந்தது. பிறகு இடுப்பிலிருந்து கத்தியை எடுத்து அறுத்துவிட்டான். கழி நிமிர்ந்தது. வாளியை அங்கேயே விட்டுவிட்டு வேகமாக நடந்து வந்தான்.

பெண்கள் மாம்பிங்காவைக் கைத்தாங்கலாக அழைத்துப் போனார்கள். ஒருத்தி அவளோடு சேர்ந்து அழ ஆரம்பித்தாள், பிறகு இன்னொருத்தி. ஆறு வருஷமாகச் சேர்த்து வைத்தது எல்லோரிடமும் இருந்தது போல.

நொலுந்தியும் சம்கேலோவும் மேட்டிலேயே உட்கார்ந்தார்கள். ஏற்றம் தொடங்கியது. இருவரும் பாறையைப் பார்த்தார்கள். நொலுந்தி மனதுக்குள் கடலைக் கெஞ்சினாள். ஒரே ஒரு அலை. இப்ப வந்துடு. அந்தப் பாறையை ஒரு தடவை மூடிக் காட்டு. இல்லையென்றால் அந்த மனுஷி வீணாகப் புருஷனைச் சாகக் கொடுத்தவளாகிவிடுவாள்.

அலை வரவில்லை. உச்சி வெயில் போனது, ஏற்றம் முழுக்க ஏறியது, பாறை ஓரத்துச் சிப்பிவரை தண்ணீர் வந்து நக்கிவிட்டுத் திரும்பியது. சம்கேலோ விட்டுவந்த வாளி வைத்த இடத்திலேயே காய்ந்து கிடந்தது. பொழுது சாயும்வரை பாறையின் முதுகு நனையவே இல்லை.

"பாத்தியா," என்றான் அவன் கடைசியில். அவன் குரலில் கோபம் இருந்ததா, வேறேதாவதா, அவளால் பிரிக்க முடியவில்லை.

"பாத்தேன்."

"அந்த மீனு இந்நேரம் எங்கயோ போயிருக்கும்."

அவள் எழுந்து மாம்பிங்கா வீட்டுக்கு நடந்தாள். கொஞ்ச தூரம் விட்டு அவனும் பின்னால் வந்தான்.

மாம்பிங்கா குடிசைக்குள் பாயில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். முகம் வீங்கி, வேறு யாரோ போல இருந்தாள். ஆணியிலிருந்த கோட்டை எடுத்து மடித்து வைத்திருந்தார்கள். கைம்பெண்ணுக்குத் தலை மழிக்க வேண்டும். பக்கத்தில் கிண்ணத்தில் தண்ணீர், சோப்பு, பிளேடு. ஊர்ப் பெண்கள் சுவரோரமாக வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். யாரும் பிளேடை எடுக்கவில்லை. நொலுந்தி உள்ளே வந்ததும் இடம் விட்டார்கள். அவள் மாம்பிங்காவுக்குப் பின்னால் முழங்காலிட்டு முடியை நனைத்தாள். நெற்றியிலிருந்து ஆரம்பித்தாள். சுருட்டை சுருட்டையாக நரைமுடி மடியில் விழுந்தது.

சம்கேலோ வாசலில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். உள்ளே வர அவனுக்குத் தைரியம் இல்லை.

மாம்பிங்கா நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். பாதி மழித்த தலை.

"வந்துச்சா?" என்று கேட்டாள்.

நொலுந்தியின் கை நின்றது. சுவரோரப் பெண்கள் எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். மேட்டிலிருந்து அவர்களும் பாதி நேரம் அந்தக் கடலைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். அவர்களுக்குத் தெரியும்.

சம்கேலோ தொப்பியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினான்.

"வந்துச்சுக்கா," என்றான். "நீ இந்தப் பக்கம் வந்த கொஞ்ச நேரத்துல. நான் நின்ன இடத்துக்கு மேல ரெண்டாள் உயரம். வாளியைக்கூட விடலை, அள்ளிட்டுப் போயிருச்சு."

சுவரோரத்தில் யாரும் அசையவில்லை. பிறகு ஒரு கிழவி, "ஆமா, நானும் பாத்தேன்," என்றாள். அவளுக்கு அடுத்தவளும் "நானும்" என்றாள்.

மாம்பிங்கா ஒருவர் முகத்தையும் விடாமல் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு பின்னால் திரும்பி, தலையைக் குனிந்து நொலுந்தியின் மடியில் வைத்தாள்.

"அப்ப சரி," என்றாள். "மழி பொண்ணே. பின்பக்கமும் விடாம மழி."